ஒரு சேர்ச்சின் தலவரலாறு

சேர்ச்சுக்குள் போகும்போது நான் செருப்பைக் கழற்றிவிடுவேன். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. எந்தச் சாமியானாலும் வாசலில் கால் தானாகவே நின்றுவிடுகிறது. இல்ஃபோர்டில் எங்கள் தெருமுனையில் இருக்கும் விக்டோரியா காலத்துச் சேர்ச்சுக்கு முதல்முறை போனபோது, அதைப் பராமரித்துவந்த க்வென் என்ற எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி என் வெறுங்காலை இரக்கத்தோடு பார்த்தார். அடுத்த முறை ஒரு சோடி கம்பளிக் காலுறை தந்தார். வசதியில்லாத மனிதன் என்று நினைத்திருக்க வேண்டும். விளக்கிச் சொல்ல என் ஆங்கிலத்துக்குச் சோம்பல், வாங்கிக்கொண்டேன்.

நான் போனது வழிபட அல்ல, வரலாறு எழுத. அந்தச் சேர்ச்சை மூடப்போவதாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை ஒரே காரில் ஏற்றிவிடலாம். எங்கள் கோயில் சபை அதை வாங்கிப் பிள்ளையாரைக் குடியேற்ற விரும்பியது. பாவம், அவர் பன்னிரண்டு வருடமாக ஒரு கம்பளக் கடையின் மேல்மாடியில் இருந்தார். பழைய கட்டடம் என்பதால் அதன் வரலாற்றை எழுதித் தந்தால்தான் அனுமதி என்றது கவுன்சில். கோயிலின் ஆண்டு மலரில் அந்த மேல்மாடிக்கே ஏழு பக்கத்தில் தலவரலாறு எழுதியவன் நான், ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. பறங்கி எங்கள் கோயிலை இடித்துச் சேர்ச் கட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் கொதித்துக் கொதித்துப் படித்தவன், இங்கே சேர்ச்சின் பெருமையைப் பாட உட்கார்ந்தேன். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம்.

க்வென் ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். சேர்ச்சைக் கட்டியவர்கள் வேல்ஸிலிருந்து லண்டனுக்குப் பால் விற்க வந்தவர்களாம். பெட்டியில் இருந்த கூட்டக் குறிப்பேட்டின் முதல் பாதி வேல்ஸ் மொழியில் இருந்தது. அந்தப் பால்காரர்களின் பேத்தியான க்வெனுக்கு அதை வாசிக்கத் தெரியாது. என் மகள்தான் கைபேசியால் படம் பிடித்து ஆங்கிலமாக்கித் தந்தாள். பிள்ளைகளுக்கு நம் மொழி விளங்கவில்லை, ஆங்கிலத்தில் வழிபாடு வைப்போமா என்று மாதக் கணக்கில் சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார். கடைசியில் ஆங்கிலம் வென்றது, பிள்ளைகள் அப்போதும் வரவில்லை. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிடுவதா என்று போன வருடம் எங்கள் சபை கூடியபோது, கோபித்துக்கொண்டு எழுந்து போனவன் நான்தான். மகளுக்குப் பக்கத்தில் இருந்து அதை வாசிக்க வெட்கமாக இருந்தது.

கடைசிப் பக்கங்களில் க்வெனின் அப்பாவின் பெயர் வந்தது. அவரும் பால்காரர்தான். "அவருடைய சாம்பல் இங்கேதான் இருக்கிறது. பீடத்துக்கு முன்னால், அந்தக் கல்லுக்குக் கீழே" என்றார் க்வென். அந்தக் கல்லின் மேல்தான் நான் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன்.

துள்ளி விலகினேன். பீடம் இருக்கும் இடத்தைத்தான் மூலஸ்தானத்துக்கென்று ஐயர் அளந்து வைத்திருந்தார். முன்பு மோர்டனில் பார்த்த அருமையான கட்டடம் ஒன்றை, ஒருகாலத்தில் அங்கே சவப்பெட்டி விற்றார்கள் என்பதற்காகவே சபை கைவிட்டது. தலைவர் சிவபாலண்ணையிடம், இப்படி ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர், தம்பி? சுடலைக்கு மேலை பிள்ளையாரை இருத்த ஏலுமே?"

நாங்கள் வாங்காவிட்டால் அடுத்து நிற்பவர் அடுக்குமாடி கட்டுபவர். க்வெனின் அப்பாவுக்கு மேல் யாரோ குளிப்பார்கள். சாம்பலை எடுத்து வேறிடத்தில் வைக்கலாமே என்று க்வெனைக் கேட்டேன்.

"வேல்ஸுக்குத் திரும்பிப் போகப்போகிறேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். கடைசி வாரத்தில்தான் இங்கேயே வையுங்கள் என்றார். அவரை நான் கிளப்ப மாட்டேன். நீங்கள் உங்கள் ஆட்களுக்கு மறைக்கவும் வேண்டாம், எழுதுங்கள்."

எழுதினேன். முப்பத்தோராம் பக்கத்தில், தெளிவான ஆங்கிலத்தில், கல் இருக்கும் இடத்தோடு. சபைக் கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். எல்லோரும் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள். அங்கேதான் நன்றியுரை.

"தம்பி, பொருளாளற்றை பேர் என்ரை பேருக்கு மேலை கிடக்கு. அதை மட்டும் மாத்தும்" என்றார் சிவபாலண்ணை.

"முப்பத்தோராம் பக்கத்தை ஒருக்கால் பாருங்கோ, அண்ணை."

"நீர் எழுதினால் பிழை இராது."

ஏகமனதாக நிறைவேறியது. கவுன்சிலும் அனுமதி தந்தது. அவர்கள் வாசித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது பிள்ளையார் அங்கே இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் க்வென் வந்து பின்னால் ஒரு கதிரையில் அமர்வார். சனம் அவரைக் கவுன்சில் ஆள் என்று நினைத்து இரண்டு கிண்ணம் சுண்டல் கொடுக்கிறது. என் சாம்பலை ஊரில் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். போன கிழமை மகள் அதை உயிலில் எழுதிவிடவா என்று கேட்டாள். "பொறு பிள்ளை, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். பூசை நேரத்தில் எல்லோரும் பிள்ளையாரைப் பார்த்துத் தலையில் குட்டிக் கும்பிடுகிறார்கள். நான் மட்டும் பாதிக் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, பால்காரரின் மேல் கால் படாமல் ஓரமாக விலகி நின்று கும்பிடுகிறேன்.