மூன்றாவது வெற்றிலை

என் பெரியப்பா முப்பத்தைந்து வருடம் போலீஸ் உத்தியோகம் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வருடமே ராஜாவானார். சிரிக்காதீர்கள். கிரீடமும் குதிரையும் இல்லையே தவிர, கொல்லிமலையில் எங்கள் நாட்டுக்குப் பட்டக்காரர் என்றால் ராஜாதான். பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அத்தனை ஊரிலும் கல்யாணமோ, சாவோ, நோம்பி என்கிற திருவிழாவோ, சண்டையோ, பட்டக்காரர் வந்து கோயில் முன்னால் இருக்கிற கல்லில் உட்கார்ந்தால்தான் காரியம் ஆரம்பமாகும். பழைய பட்டக்காரர் வாரிசில்லாமல் இறந்துபோனார். பங்காளிகளில் இரண்டு பேர் பெயரைச் சொல்லிச் சாமியிடம் பூ கேட்டார்கள். பெரியப்பா பெயரைச் சொன்னபோது பூ வலப்பக்கம் விழுந்தது. அவ்வளவுதான், ஆள் ராஜா.

ராஜாவானாலும் போலீஸ் அவரைவிட்டு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் விசில் ஊதி வீட்டை எழுப்புவார். காப்பி ஆறிப்போயிருந்தால் யார், எப்போது, எதற்காக ஆறவைத்தது என்று விசாரணை நடக்கும். "இது ஸ்டேசன் இல்லீங்க, ஊடு" என்று பெரியம்மா தினம் ஒரு தடவையாவது சொல்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த வீடுதான் எங்கள் வீடு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அந்த விசிலை ஊத எனக்கு மட்டும் உரிமை உண்டு.

வீட்டில் செல்லுபடியானது கல்லில் செல்லவில்லை. எங்கள் நாட்டில் பட்டக்காரர் கல்லில் உட்கார்ந்ததும் வெற்றிலைபாக்கை வாயில் போட்டு அடக்கிக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்பதெல்லாம் கங்காணி வேலை; ஆட்களைக் கூப்பிடுவதும் அவர்தான். இரண்டு பக்கமும் பேசிப் பேசி, ஊரே ஒரு பேச்சுக்கு வந்தபிறகுதான் பட்டக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அதைத் தீர்ப்பாகச் சொல்வார். அதுவரை மூச்! நடுவில் துப்பிவிட்டுப் பேசினால் ஒரு குற்றம். மூன்று தடவை அப்படிச் செய்தால் சாமியிடம் மறுபடி பூ கேட்டுவிடுவார்கள்.

முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவரை வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றால் எப்படி? வரப்பு மரத்து மிளகுக்கொடிக்காக அண்ணன் தம்பி போட்ட சண்டைதான் முதல் வழக்கு. இரண்டே நிமிடம், பெரியப்பா தூவென்று துப்பிவிட்டு, "சம்பவம் எத்தனை மணிக்கு நடந்தது? பார்த்த சாட்சி யாரு?" என்றார். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பு தேவனூர் நாடுவரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்தது, குச்சிக்கிழங்குக் காட்டில் ஆடு மேய்ந்த வழக்கு. ஆட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று தெரிந்ததும் பெரியப்பா முகம் சிவந்தது, கன்னம் உப்பியது, அப்புறம் வெற்றிலை பறந்தது. இரண்டு போயிற்று. வருகிற ஆடி நோம்பியில் அவருக்குத் தலைப்பாகை கட்டிப் பட்டம் சூட்டுவதாக இருந்தது. அதற்கென்று சரிகை போட்ட துணி வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். யாரும் இல்லாதபோது எடுத்துத் தலையில் சுற்றி, கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வழக்கு என்னால் வந்தது.

எங்கள் மலையில் பலாப்பழத்துக்குப் பஞ்சமா? ஆடி மாதத்தில் ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் கோயில் பலா வேறு. நோம்பியன்று முதல் பழத்தைச் சாமிக்கு வைத்தபிறகுதான் அந்த மரத்தில் யாரும் கை வைக்கலாம். அந்த வருடம் முதல் பழம் அடிமரத்திலேயே, என் இடுப்புயரத்தில் காய்த்துத் தொலைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அதன் வாசம் என்னைக் கூப்பிடும். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் அம்மாவின் கொடுவாளைப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். பழத்தைக் கீறி, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஆறு சுளை தின்றேன். ஐயோ, அந்த இனிப்பு! பிறகு வெட்டிய தோலை அதன் பாலைக்கொண்டே ஒட்டவைத்துவிட்டு, கையில் எண்ணெய் தேய்த்துக் கழுவி, ஒன்றும் தெரியாத பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன்.

ஒட்டவைத்த தோல் மறுநாளே விழுந்துவிட்டது. சாமி பழத்தை எச்சில் பண்ணிவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. பழி கீழூர்க்காரர் ஒருவர் மேல் விழுந்தது. மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். முந்தின நாள் அந்தப் பக்கம் அரிவாளோடு தழை அறுத்தார் என்பதுதான் சாட்சி. பூ கேட்ட அன்று, "போலீசுக்காரரு நமக்கு வேண்டாமுங்க" என்று எல்லோர் முன்னிலும் சொன்னவரும் இவர்தான். இந்தக் குற்றத்துக்குத் தண்டனை உண்டு. தன் தோட்டத்துப் பழத்தைத் தலையில் சுமந்து, செருப்பில்லாமல் எல்லா ஊர் வழியாகவும் நடந்து கோயிலில் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் நல்ல காரியம் நடக்கக் கூடாது. அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

ஊர் கூடுகிற நாள் காலையில் பெரியப்பா மரத்தடிக்குப் போனார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டையைத் தடவினார், அதில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் கிள்ளி எடுத்துப் பார்த்தார், குந்தி உட்கார்ந்தார், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவர் பெரியம்மாவிடம் கத்திரிக்கோல் கேட்டு வாங்கி என்னைக் கூப்பிட்டார்.

"சடை நுனி வெடிச்சுக் கெடக்குது கண்ணு. திரும்பு."

நறுக்கென்று நான்கு விரல் நீளத்துக்கு வெட்டிவிட்டார். அதுவும் ஒரு சடையில் மட்டும்! பள்ளிக்கூடத்திலேயே எனக்குத்தான் நீள முடி. நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். துப்புக் கிடைக்காத எரிச்சலைத்தான் என் முடியில் காட்டுகிறார் என்று நினைத்தேன். வெட்டிய முடியை அவரே எடுத்துப்போய் அடுப்பில் போட்டார். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று இரண்டு சடையோடு, அவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற சபதத்தோடு, நான் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன்.

பெரியப்பா கல்லில் உட்கார்ந்து வெற்றிலையை அடக்கிக்கொண்டார். கீழூர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி மேல ஆணையா நான் தொடலீங்க. எம்புள்ளை கல்யாணத்தைக் கெடுத்துப்போடாதீங்க."

ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக, "அவருதான், அவருதான்" என்று ஒரே பேச்சுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் தைரியம். பெரியப்பா ஆயிரம் கண்டுபிடித்திருந்தாலும் வாயில் வெற்றிலை இருக்கிறதே! துப்பினால் பட்டம் போகும். துப்பாவிட்டால் நான் தப்பித்தேன். அந்த மனிதரின் மகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. ஒன்பது வயதில் நான் அவ்வளவு நல்லவளாக இருக்கவில்லை.

பெரியப்பாவின் கன்னம் உப்பியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். துப்பப் போகிறார் என்று யாரோ சிரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். அவர் துப்பவில்லை. எழுந்து, கல்லைவிட்டு இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கீழூர்க்காரர் காலடியில் விரித்தார்.

எங்கள் நாட்டில் அப்படித் துண்டு விரித்தால் குற்றம் தன் வீட்டினுடையது என்று அர்த்தம். விரித்தபிறகு எவர், என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. "தப்பு பட்டக்காரர் ஊட்டுதுங்க" என்று கங்காணி மெதுவாகச் சொன்னார். பெரியப்பா மறுபடி கல்லில் ஏறி உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, தண்டனையைத் தன் வாயாலேயே சொல்லி முடித்தார்.

அடுத்த நாள் அவர் பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். முழங்கால் வலிக்காரர். சபதத்தை மறந்து நானும் பின்னாலேயே குதித்துக்கொண்டு போனேன். எனக்கு அது ஊர்வலம் மாதிரி இருந்தது. கீழூர் வந்ததும் அந்த மிளகுக்காரர் ஓடிவந்தார்.

"ஏனுங்க, குடுங்க, நான் தூக்கறேன்."

"வேண்டாமுங்க. இது எங்க ஊட்டுச் சுமை."

அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோயில்வரை கூடவே நடந்தார். தலைப்பாகை கட்டுவது ஒரு வருடம் தள்ளிப்போனது. மறு வருடம் அதைக் கட்டிவிட்டதே அந்த மிளகுக்காரர்தான். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு பெரியப்பா இப்படி ஏமாந்தாரே, இவரெல்லாம் எப்படித் திருடனைப் பிடித்தார் என்றுதான் அன்று நான் பரிதாபப்பட்டேன்.

போன ஆடியில், நாமக்கல்லில் எங்கள் வீட்டில் பலாப்பழம் அறுத்தோம். என் மகள் சடையில் பால் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் போட்டும் போகவில்லை. "திரும்பு சாமி" என்று கத்திரிக்கோலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முடி வெடித்தால் இரண்டு சடையிலும்தானே வெடிக்கும்? மரத்தில் நான் சாய்ந்த பக்கம் எது? போலீசில் இருந்தவர், கையில் கிடைத்த ஒரே சாட்சியைத் தானே வெட்டி அடுப்பில் போட்டிருக்கிறார். இருபது வருடமாக அந்த முடிக்காக நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் தன் முடிக்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பரவால்லம்மா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி மலைக்குப் போனேன். பெரியப்பா இன்னும் பட்டக்காரர்தான். காதுதான் கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியப்பா, அன்னைக்கு எஞ்சடையில பலாப்பால் இருந்துச்சா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் அடக்கிக்கொண்டார். பேச முடியாது என்று வாயைக் காட்டினார். அப்புறம் கையை நீட்டி, என் தலையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தடவிக்கொடுத்தார்.