இரண்டு ஆணிகளையும் அண்ணன் ஏன் கழற்றினார்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணியார் கேட்டுக்கொண்டார். கணக்கெழுதும் கிராணி வேலை பார்ப்பவனுக்கு எழுத்து தானாக வரும் என்று நினைத்திருப்பார். எனக்கோ எதைச் சொல்வது, எதை விடுவது என்றே பிடிபடவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

அண்ணன் திருச்சிராப்பள்ளிப் பக்கம் பிறந்தவர். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தார். நான் பிறந்தது மலாயாவில், பொந்தியானுக்கு உட்புறம் உள்ள ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் போடக் காடு அழித்த நாளில் அப்பா காய்ச்சலில் போய்விட, குடும்பப் பாரம் அண்ணன் தலையில் விழுந்தது. புல் வெட்டினார், பால்மரம் சீவினார். பிறகு தோட்டத்துத் துரையின் லாரியைக் கழுவப் போய், ஓட்டவும் கற்றுக்கொண்டார். எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டால், “பாத்துக்கிட்டே இருந்தேன்” என்பார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் பிடுங்க முடியாது. என்னைப் படிக்க வைத்தவரும் அவரே.

அந்தச் சின்ன லாரி, துரை பழையதாக வாங்கியது. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் திறந்த பலகைத் தொட்டி. ரப்பர் ஷீட்டும் அதில்தான் போகும், பிரசவ வலி கண்ட பெண்களும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இடப்பக்கக் கதவின் கீல்கள் தேய்ந்து, கதவு தொங்கிப்போயிருந்தது. தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் பூட்டில் விழும். குண்டும் குழியுமான பாதையில் தானே திறந்துகொள்ளும். ஒரு முறை நிறைமாதப் பெண் ஒருத்தி விழப் பார்த்தாள்.

பூட்டைச் சற்று இறக்கி வைத்தால் போதும் என்று பட்டறையில் சொன்னார்களாம். அண்ணன் ஒப்பவில்லை. ஆணி ஆடி ஆடிக் கீலின் துளையே முட்டை வடிவமாகிவிட்டது, துளையை மறுபடி வட்டமாகக் கடைந்து பருமனான ஆணி போட்டால்தான் கதவு நிற்கும் என்றார். ஆணி சிங்கப்பூரிலிருந்து வந்தது.

இந்த வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மேல் கீலை முழுவதும் முடித்த பிறகே கீழ்க் கீலில் கை வைப்பார். ஒன்று கதவைத் தாங்கிக்கொண்டிருக்க, மற்றதைச் சரி செய்வார். ஆனால் அந்தக் கதவு அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்ததால், ஒன்றை மட்டும் கழற்றினால் துளைகள் நேர்படவில்லை. இரண்டு ஆணிகளையும் தட்டி எடுத்தார். எடுக்குமுன் என்னைப் பார்த்து, “கதவப் புடிச்சுக்கடா” என்றார். பிடித்துக்கொண்டேன். அங்கே வேறு யாரும் இல்லை.

அப்போது சிங்கப்பூரில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை லாரியில் ஜொகூர் பாருவரை கொண்டுபோய் விடுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். வேலையின் நடுவே, தலை நிமிராமலே சொன்னார்:

“நீ போகவேணாம்டா. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. யாரு பாக்கறது?”

“நீங்க இருக்கீங்கள்ல?”

“நான் பாதி நாளு ரோட்டுல கெடக்கேன். நீ இங்கயே இருப்பேன்னு துரைகிட்ட சொல்லிட்டேன்.”

அப்போது அவருடைய இடக்கை விரல்கள், துளைகள் நேராக வருகின்றனவா என்று தடவியபடி, கீலின் தகடுகளுக்கு நடுவே இருந்தன. கதவு இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

என் கை நழுவியதா, நான் விட்டேனா? எனக்குத் தெரியாது. கோபம் வந்தது தெரியும். கதவு கனம் என்பது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் நினைவில் இல்லை. மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, “இரண்டில் எது, சொல்” என்றார். அங்கேயும் தெரியாது என்றே சொன்னேன்.

“போய் அம்மாவக் கூட்டிட்டு வா” என்று அண்ணன் என்னை அனுப்பினார். நான் திரும்புவதற்குள் ஆட்கள் கூடியிருந்தார்கள். தனியாகத்தான் வேலை செய்தேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டிருந்தார். இரண்டு ஆணிகளையும் ஒரே நேரத்தில் கழற்றியது கவனக்குறைவு என்று சொல்லி, துரை லாரியை வேறொருவர் கையில் கொடுத்தார். கியரைப் பிடித்த அந்த இடக்கையோடு அண்ணன், ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்தில் ஷீட் தொங்கவிடப் போனார். அந்த வாரமே, “நீ சிங்கப்பூரு போ” என்றார். அது கோபமா, பாசமா? நானும் கேட்கவில்லை. வெட்கமில்லாமல் போனேன். பின்னால் அண்ணனுக்குத் திருமணமாகி, அம்மாவைக் கடைசிவரை கண்ணாகப் பார்த்துக்கொண்டவர் அண்ணியார்.

அண்ணன் மார்புச்சளியில் படுத்தபோது வந்து ஒன்பது நாள் உடனிருந்தேன். ஒரு காலையில் நகம் வெட்டிவிடச் சொன்னார். வலக்கை முடிந்ததும் இடக்கையை நீட்டி, “இதுல ஒனக்கு வேலை கம்மிதான்டா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து அழுதேன். அவர் கேலி செய்தாரா, மன்னித்தாரா என்று ஓராண்டாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இப்போது லாரி ஓட்டுகிறவர் திடீரென்று கேட்டார்:

“ரெண்டு ஆணியும் ஒன்னாக் கழட்டுனாருன்னா, யாராச்சும் கதவப் புடிச்சிருக்கணும்லா? தனியா எப்படிக் கழட்டுவாரு?”

“இல்லங்க, தனியாத்தான் இருந்தேன்னு அவரே சொல்லியிருக்காரு” என்றார் அண்ணியார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அண்ணன் முறை தவறியவர் அல்லர். கதவைத் தம்பி பிடித்திருக்கிறான் என்று நம்பித்தான் இரண்டையும் கழற்றினார். கவனக்குறைவு என்ற சொல்லை இனி யாரும் அவர் மேல் வைக்க வேண்டாம்.

அண்ணனை மருந்தும் கையுமாகக் கவனித்த தோட்டத்து மருந்தக டிரசருக்கும், பெட்டி செய்து தந்த தச்சருக்கும், இறுதிப் பூசை நடத்திய சாமியாருக்கும், அவரைச் சுமந்து சென்ற தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணியாருக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். பிறகு, “அவரு மறைச்சத நீங்க ஏன் தம்பி சொல்றீங்க?” என்றார். நான் தாளை அவரிடமே நீட்டினேன். “சரி, ஒரு வரியும் அடிக்காமக் குடுங்க” என்று உள்ளே போய்விட்டார். நான் புறப்பட்டபோது வழியனுப்ப வரவில்லை. அவருக்கும் என் நன்றி.