மேல்வீட்டிலிருந்து வந்த ஆசியா

மூடியில் ஹவுஸ் ஓனர் மனைவியின் பெயர் பொறித்த எவர்சில்வர் தூக்கு அது. மாடம்பாக்கத்தில் கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்கு அது மாடிப்படி இறங்கி வரும். கொண்டுவருபவர் ஹவுஸ் ஓனரேதான். மனைவி தவறி ஆறு மாதம் கழித்து, கைப்பேசியில் வீடியோ பார்த்து ஆசியக் கண்டத்தைச் சமைக்கத் தொடங்கியிருந்தார்.

முதலில் வந்தது தாய்லாந்துப் பச்சைக் குழம்பு. அதற்கு வேண்டிய ஏதோ ஒரு புல் அகப்படாததால் நார்த்தங்காய் இலையும் பெருங்காயமும் போட்டிருந்தார். "பிரமாதம் சார்" என்றேன். வேறென்ன சொல்ல? வாடகை அக்ரிமெண்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மகள் பிளஸ் டூ. இந்த வருஷம் வீடு மாறினால் அவள் படிப்பு போச்சு என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். ஆக, மகளின் எதிர்காலம் என் நாக்கை நம்பி இருந்தது.

அதோடு நின்றிருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று மனைவி அதில் நாலு அதிரசம் வைத்து அனுப்பினாள். வெறும் பாத்திரமாக வைத்திருக்க அவருக்கும் மனசில்லை. அடுத்த ஞாயிறு அதில் கொரியா வந்தது. நல்லெண்ணெயில் கடுகு தாளித்த, புளித்த முட்டைக்கோஸ். பதிலுக்கு நாங்கள் நாலு தட்டை வைத்தனுப்பினோம். ஜப்பான் வந்தது. கடல்பாசித் தாள் தாம்பரம் மார்க்கெட்டில் கிடைக்காததால் சோற்றை வெற்றிலையில் சுருட்டியிருந்தார். முறுக்கு போட்டோம்; வியட்நாம். அக்ரிமெண்ட்டில் மறுபடி கையெழுத்தான அன்று இந்தோனேசியா.

"பிரமாதம்னு சொல்றத நிறுத்துங்கப்பா, போதும்" என்றாள் மகள்.

"உன் பரீட்சை முடியட்டும்" என்றேன்.

எட்டு மாதம் ஓடியது. கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள், தூக்கைக் கழுவித் துடைத்து வெறுமனே மேலே எடுத்துப் போனேன். அப்படியொரு காரியத்தை வாழ்க்கையில் அன்றுதான் செய்தேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"நல்லா இல்லையா சார்?"

மனப்பாடம் செய்திருந்த வசனத்தை அங்கேயே விட்டுவிட்டேன். நம்ம சமையலையே செய்யலாமே என்று மட்டும் கேட்டேன்.

"சாம்பார் வச்சா தப்பு தெரிஞ்சிடும் சார். அவ வச்ச மாதிரி இல்லன்னு முதல் வாய்லயே தெரிஞ்சிடும். ஜப்பான்னா நானும் பாத்ததில்ல, நீங்களும் பாத்ததில்ல."

ஒரே ஒரு தடவை சாம்பார் வைத்து அனுப்புங்கள், உள்ளதைச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பாதிப் படியிலேயே பயம் வந்துவிட்டது.

மறுநாள் சாம்பார் வந்தது. வழக்கமாகக் கொடுத்ததும் மாடியேறிவிடுபவர், அன்று வாசலிலேயே நின்றார். சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டேன். பிரமாதம் என்று சொல்லித் தொலையுங்கள் என மனைவி சமையலறையிலிருந்து கண்ணாலேயே அதட்டினாள்.

"புளி கொஞ்சம் தூக்கல் சார்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ சாம்பாரும் அப்படித்தான் சார் இருக்கும்."

இப்போது பெரும்பாக்கத்தில் சொந்த ஃபிளாட். கைப்பேசி ஆப்பில் சொன்னால் அரை மணியில் அசல் ஜப்பான் வந்துவிடுகிறது. அந்த மாடம்பாக்கம் வீட்டில் அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இருந்தோம். ஞாயிறு தவறாமல் சாம்பார் வந்தது. புளியைக் குறைக்கச் சொல்ல மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.