சிரிக்காத பக்கம்

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. கண்களை மூடச் சொன்னால் வலது மட்டும் சொன்னபடி கேட்டது.

என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், பார்த்துவிட்டு, "காத்து அடிச்சிருக்கு. மந்திரிச்சா சரியாப் பூடும்" என்றார். எனக்குப் பக்கவாதமோ என்று பயம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகம் கோணினால் மந்திரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்; மாத்திரையைச் சீக்கிரம் தொடங்குவது முக்கியம்.

டாக்டர் கை கால்களைச் சோதித்தார். புருவத்தைத் தூக்கச் சொன்னார். இடது புருவம் அசையவில்லை.

"பக்கவாதம் இல்லம்மா. இது முகவாதம்" என்றார் (முகத் தசைகளை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பாதி செயலிழந்து போவது). "பெரும்பாலும் சரியாயிடும். சில மாசம் ஆவலாம். எங்க, ஒருவாட்டி சிரிங்க பாக்கலாம்."

நான் சிரிப்பதற்குள் அத்தை சொன்னார்: "அது ஒன்னுதான் அவளுக்கு நல்லா வரும், சார்."

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதற்கு முந்தின ஆடியில் என் கணவர் ஏழுமலை, ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்க வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். நான் வந்தவர்களை, "வாங்க, உக்காருங்க" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டேன். நெஞ்சழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள். அத்தை அப்படிச் சொல்லவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளையில்லை, வீட்டில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான். தன் மகன் சாவு எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவர் நினைத்தது எனக்கு வலித்தது.

என் சிரிப்பு கடையில் பழகியது. திருத்தணி பஜாரில் ஒரு துணிக்கடையில் பல வருஷமாகப் புடவை எடுத்துப் போடுகிறேன். கோடி (இறந்தவர் வீட்டுக்கு உறவுக்காரர்கள் எடுத்துப்போகும் புதுத்துணி) வாங்க வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நகரியிலிருந்து வருகிற தெலுங்குக்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே பேரம் பேசுவார்கள். நம்மூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரி கலரைப் பற்றிச் சண்டை போடுவார்கள். விசைத்தறியில் வேலை செய்கிற பீகார்க்காரர் ஒருவர் வெள்ளைத் துணி கேட்டார். யாருக்கு என்றதும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "அம்மா" என்றார். பில் போடும்வரை அந்தச் சிரிப்பு மாறவில்லை. அவரை யாரும் நெஞ்சழுத்தக்காரன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு இடது கண்ணில் நீர் வடியத் தொடங்கியது. இமை மூடாததால் கண் எரிந்து, நீர் நிற்காமல் கன்னத்தில் இறங்கும். சொட்டு மருந்து விட வேண்டும், தூங்கும்போது இமையை மூடி பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். இந்த நோயில் இது சகஜம்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தபோது கண்ணீர் தட்டில் விழுந்தது. அத்தை எழுந்து வந்து முந்தானையால் துடைத்தார்.

"இப்பவாவது அழுவறியே. அழுதுடு. உள்ளாற வெச்சிகினு இருக்காத."

இது நோய்க் கண்ணீர் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாகிவிட்டது. மகன் சின்ன வயதில் கத்தரிக்காயை ஒளித்துவைத்து மாட்டுக்குப் போட்ட கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தார். என் கண் வடியும், அவர் அழுவார். ஏமாற்றுகிறோம் என்று உறுத்தியது. ஆனாலும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

நோய் குணமாகத் தொடங்கியதுதான் சங்கடம். இமை கொஞ்சம் கொஞ்சமாக மூடியது, நீர் குறைந்தது. மறுபரிசோதனைக்கு அத்தையும் வந்தார்.

"கண்ணுல தண்ணி வடியறது நின்னுடுச்சா? இமை மூடாததாலதான் அப்படி வந்துது" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை கேட்டார்: "அப்ப அது அழுகை இல்லியா?"

"இல்ல அத்தே."

"என் புள்ளைக்கு நீ அழவே இல்லியா?"

"வரல அத்தே. என்ன பண்றதுன்னு தெரியல."

சொல்லும்போதே பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வலது பாதிதான் சிரித்தது. இடது பாதி இன்னும் சரியாகாததால் அது பாட்டுக்கு இருந்தது. அத்தை என் முகத்தையே பார்த்தார். பிறகு என் முகத்தின் வலது பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார் மெதுவாக. "இந்தத் துக்கத்த எங்கடி வெச்சிருந்த?"

பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இப்போது முகம் முக்கால்வாசி சரியாகிவிட்டது. சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கி மூடுகிறது. நரம்பு வளரும்போது இணைப்பு மாறிவிட்டால் அப்படி ஆகுமாம். முன்பு சிரிப்பு நான் நினைப்பதற்கு முன்பே வந்துவிடும். இப்போது இடது பக்கம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. அதற்குள் வேண்டுமா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. பல சமயம் விட்டுவிடுகிறேன்.

வருஷத் திதியன்று இலை போட்டுப் படைத்துவிட்டு நிமிர்ந்தபோது அழுகை வந்தது. நெற்றி, கண், வாய் என்று முகம் முழுக்க அழுதது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்தலில் உறவுக்காரர்கள் பசியோடு இருந்தார்கள். யாரையும் சாப்பிட உட்கார விடாமல் அத்தை காத்திருந்தார்.