சந்தனம் பட்ட பெட்டி

எனக்கு வாய் நீளம். தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. பதினொரு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு வாய் நீளாமல் இருந்தால் அன்றைக்கே மடுவத்தை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனால் அந்த வாயால் நான் கெடுத்துக்கொண்ட காரியம் ஒன்று இருக்கிறது.

தங்கை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்ட வாரம் அது. அப்பா இல்லை. அம்மாவுக்குக் காது மந்தம். அங்கே போனபிறகு அவள் நல்லது கெட்டது பேசுவதென்றால் என்னிடம்தான் பேச வேண்டும். அதற்கு அவள் கையில் ஒரு நல்ல போன் வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முன்னே போன ஒரு பெண்ணின் போன் இரண்டாம் மாதமே செத்துப்போனது. மகள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் அவளுடைய அம்மா ஏழு மாதம் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். அதைக் கண்ணால் பார்த்தவள் நான். போன் விஷயத்தில் மட்டும் ஏமாறவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறினோம். பழைய போனைத் துடைத்து, உள்ளே சில சாமான்களை மாற்றி, புதுப் பெட்டியில் போட்டுப் புதுசென்று விற்கிறார்களாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நாலைந்து வீடியோ பார்த்து வைத்திருந்தேன். கடையில் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியின் ஓரங்களில் ஒட்டியிருந்த வட்ட முத்திரைகள் கிழியவில்லை. கிளப்பி ஒட்டிய தடமும் இல்லை. புதுசுதானா என்று மூன்று தடவை கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். நெற்றி நிறைய விபூதி.

"நானும் தோட்டத்துப் புள்ளதாங்கக்கா. நம்ம ஆளுங்களுக்கே பொய் சொல்லி விப்பேனா? ஏதாச்சும் கொறன்னா மூணு நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை மெதுவாக முத்திரையில் நகத்தை வைத்தாள். பட்டென்று கையில் ஒன்று போட்டேன்.

"கைய எடுடி! சாமிக்கு வைக்காம எவளாச்சும் தொறப்பாளா?"

எங்கள் லயத்து வழக்கம் அது. த்ரீவீலர் வாங்கினாலும் சரி, தையல் மெஷின் வாங்கினாலும் சரி, முதலில் மாரியம்மன் காலடியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்ட பிறகுதான் புழங்குவோம். பூசை வெள்ளிக்கிழமை. அவளைக் கூட்டிப்போக ஏஜென்சி வான் வருவது சனிக்கிழமை காலை.

"அக்கா, ஒருக்கா போட்டுப் பாத்துட்டு மறுபடி பெட்டியில வச்சிருவோமே."

"புழங்குனத சாமிகிட்ட வைப்பியாடி? நல்ல காரியத்துக்குப் போறவ, வாய மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டாள். என் பேச்சுக்கு மறுபேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு சட்டை எடுப்பதென்றாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பாள். அப்படி வளர்த்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூசாரி ஐயா பெட்டியைத் தட்டில் வைத்தார். எழுத்தும் இலக்கமும் உள்ள வெள்ளை ஒட்டுத்தாள்தான் முகப்பு என்று நினைத்து அதை மேலே பார்க்க வைத்துவிட்டார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் எடுத்து அந்தத் தாளின்மேல் அழுந்த இழுத்தார். நடுவில் குங்குமம். எனக்கு மனசு நிறைந்துபோனது. தங்கச்சி பத்திரமாகப் போய்வருவாள் என்று கண்ணை மூடி நின்றேன்.

வீட்டுக்கு வந்து திறந்தோம். போன் பளபளவென்றுதான் இருந்தது. வீடியோவில் சொன்ன கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. போனில் சில எண்களை அழுத்தினால் அதற்கே உரிய பதினைந்து இலக்கம் திரையில் வரும். பெட்டியில் ஒட்டியிருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கை போனில் உள்ளதை வாசித்தாள், நான் பெட்டியைப் பார்த்தேன். முதல் எட்டு இலக்கம் சரி. மிச்சம் சந்தனத்துக்கு அடியில். சேலை முந்தானையை நனைத்துத் துடைத்தேன்.

சந்தனம் வந்தது. கூடவே இலக்கமும் வந்தது. முந்தானையில் நீலமும் கறுப்புமாக மை.

"கம்பெனியில அடிச்ச எழுத்து இப்புடி அழியுமாக்கா?" என்றாள் தங்கை.

என்னுடைய பழைய போன் வந்த பெட்டியில் அம்மா ஊசி, நூல் போட்டு வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துக் கொட்டி, அதிலிருந்த ஒட்டுத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நகம் வலிக்கத் தேய்த்தேன். ஓர் எழுத்து அசையவில்லை. அப்படியென்றால் புதுப் பெட்டியில் இருந்த தாள் ஏதோ ஒரு கடையில் சாதாரண மெஷினில் அடித்து ஒட்டியது. டோர்ச்சை அடித்து சார்ஜ் போடும் துவாரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய கீறல்கள், பல நாள் வயர் குத்தி எடுத்த கீறல்கள். நாங்கள் இன்னும் ஒரு தடவைகூட வயரைக் குத்தவில்லை.

"அக்கா, நான் நாளைக்குப் போகணும்," என்றாள். அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அவளை உடுப்பு அடுக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஹட்டனுக்கு ஓடினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று ஆள் ஏற்ற, சாரதியைப் பிடித்துத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாமா என்றிருந்தது.

கடைக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். தாளில் நீலக்கறை. சிரிப்புப் போய்விட்டது.

"எப்பக்கா வாங்குனீங்க?"

"ஞாயித்துக்கிழம. ஒங்க கையாலதான் குடுத்தீங்க."

"அஞ்சு நாளாச்சு. நம்பரையும் அழிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இது என் கடைப் பெட்டிதான்னு நான் எப்புடிங்கக்கா நம்புறது?"

"ரசீது இருக்கு!"

ரசீதை நீட்டினேன். அவர் விரலால் தட்டிக் காட்டினார். 'போன் 1' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இலக்கம் எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. வாங்கும்போது பெட்டியை நாலு பக்கமும் பார்த்த நான் இந்தத் துண்டுத் தாளைப் பார்க்கவில்லை. சத்தம் போட்டேன். மானம் மரியாதை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். புது எழுத்து அழியாது, அழிந்ததே நீ ஏமாற்றியதற்குச் சாட்சி என்றேன். சாட்சியைத்தான் நீங்களே துடைத்துவிட்டீர்களே என்றார்.

"பழுது ஏதும் வந்தா கொண்டாங்க, பாத்துத் தர்றேன்," என்றார் கடைசியில்.

"அவ நாளைக்கு வெளிநாடு போறா. அங்கேருந்து எப்புடிடா கொண்டாறது?"

அவர் அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

வரும் வழியில் போனைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். நூறு காட்டிய சார்ஜ், லயத்துச் சந்திக்கு வருமுன்னே எழுபதுக்கு வந்துவிட்டது. இதைக் கொடுத்தனுப்பினால் அவளும் ஏழு மாதம் ஊமை. அப்போதுதான் என் இடுப்பிலிருந்த பழைய போன் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் உழைத்தது. கண்ணாடி மூலையில் வெடிப்பு. மடுவத்துப் பிள்ளைகள் கஞ்சிச் சட்டிக்குள் போட்டும் சாகாதது. அது எனக்குத் தெரிந்த பழசு.

வாசலிலேயே தங்கை நின்றாள். கறை பட்ட பெட்டியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போனை மட்டும் காட்டினேன். "மாத்திட்டாங்களாக்கா?"

"மாத்தாம விடுவேனா? என் வாய்க்குப் பயந்து வேற புதுசு குடுத்துட்டான்," என்றேன். "ஆனா புது இடத்துல புது போனோட நீ முழிக்காத. என்னோடத கொண்டு போ. ஒனக்குப் பழகுனது. இத நான் வச்சிக்கிறேன்."

அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். போகிற பிள்ளை கலங்காமல் போகட்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். சத்தியமாக வேறு நோக்கம் இல்லை. ஆபத்து அவசரத்துக்கு என்று பக்கத்து வீட்டக்காவின் போன் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி அவளுடைய பர்ஸில் வைத்தேன். மறுநாள் வான் கினிகத்தேனையைத் தாண்டும்போது அழைத்தாள். குரல் கணீரென்று இருந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கே அவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். என்னிடமிருந்த போன் அறுபதுக்கு வந்தால் திடீரென்று இருண்டுவிடும். பட்டனை அரைமணி நேரம் அழுத்திக் கும்பிட்டால்தான் உயிர் வரும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்தே சார்ஜில் குத்தி, சுவரோடு ஒட்டி நின்று பேசுவேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மடுவத்தில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கையைக் கழுவி, போனை எடுத்தேன். இருண்டு கிடந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே அழுத்தினேன். உயிர் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. தங்கையிடமிருந்து பதினொரு அழைப்பு. கூடவே குரல் பதிவு ஒன்று.

"அக்கா, எடுங்கக்கா. அவங்க வெளியில நிக்கிறாங்க. எடுங்க."

திருப்பி அழைத்தேன். அவளுடைய போன் அணைந்திருந்தது. அன்றைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. யார் நிற்கிறார்கள், எதற்கு நிற்கிறார்கள்? அவளை அனுப்பிய ஏஜென்சிக்கு அழைத்தால் விசாரிக்கிறோம் என்றார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. ஐந்து நாள் அந்தப் போனைச் சார்ஜரோடு கட்டிப்போட்டு அதன் பக்கத்திலேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள்.

"ஏன்க்கா எடுக்கல?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என்னாடி ஆச்சு? மொதல்ல அத சொல்லு."

ஏஜென்சி ஆள் ஒரு தாளோடு வந்தாராம். இந்த வீட்டில் இனி ஆள் வேண்டாமாம். ஊருக்குத் திரும்பலாம், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு வேறு வீட்டுக்கு மாறலாம். அக்காவைக் கேட்க வேண்டும் என்றாளாம். கேள் என்று அரைமணி நேரம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள்.

"நானே போட்டுட்டேன். இங்க வீட்டுல எட்டுப் பேர் இருக்காங்கக்கா. படுக்கையில ஒரு பெரியவர். சாமான் ரூம்புலதான் படுக்கிறேன். போன அவங்க வாங்கி வச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமதான் குடுப்பாங்களாம். ரெண்டு வருஷம்."

திரும்பி வாடி என்றுதான் நான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைதான்.

"நீங்க எடுக்காததும், ஏதோ கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "புது போனாச்சே, அடிக்காம இருக்காதுல்ல."

சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மாற்றித் தரவில்லை, அதே பழைய போன்தான், அன்றைக்கு அது செத்துக் கிடந்தது, உன்னிடம் சொன்னது பொய்.

பின்னால் யாரோ அவளை அதட்டிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அத அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. பக்கத்து வீட்டக்கா போனுக்கு அடிச்சிருப்பேனே. நீங்க எழுதித் தந்த நம்பர் கையிலதான் இருந்துச்சு."