அவரே பார்த்து வாங்கி வச்ச வாழை இலை

ஆவி, பேய்னு யாராவது பேச்சை ஆரம்பிச்சா எழுந்து அடுப்படிக்குப் போயிடுற ஆளுங்க நான். வாழ்க்கைல பாதிக்கு மேல டெல்லில ஓடிப்போச்சு, நான் பயந்ததெல்லாம் தண்ணி வராத நாளுக்கும் கேஸ் தீர்ந்த நாளுக்கும்தான். அப்படிப்பட்ட நான் சொல்றேன், நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, இது பட்டப்பகல்ல, ஐ.என்.ஏ. மார்க்கெட்ல, அத்தனை ஜனத்துக்கு நடுவுல நடந்துச்சு.

முதல்ல என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும், இல்லாட்டி இது புரியாது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்ல எங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பம் எல்லாத்துக்கும் அவர்தான் காலண்டர். யார் வீட்ல யாருக்கு என்னைக்குத் திதி, எல்லாம் மண்டைக்குள்ள. முந்தின நாளே போன் போட்டு, "அண்ணே, நாளைக்கு உங்க அப்பாவுக்குத் திதி, இலை வாங்கியாச்சா?"ன்னு கேப்பார். வாங்கலன்னா அவரே கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவார், அப்படி ஒரு மனுஷன். ரிட்டையர் ஆகி துவாரகா ஃப்ளாட்டுக்கு வந்தப்புறமும் இலை மட்டும் ஐ.என்.ஏ.லதான் வாங்கணும். ஒவ்வொரு இலையா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் கிழிசல் பாப்பார், கடைக்காரன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான், எனக்கு மானம் போகும். பொண்ணு பவித்ரா குட்டியா இருந்தப்போ அவளைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டே இதெல்லாம் நடக்கும், அவளும் மேலேர்ந்து இலை பாப்பா! ஒரு தை மாசக் கடைசில, தூக்கத்துலயே போயிட்டார்.

ஊருக்கே திதி சொன்னவருக்குத் திதி சொல்ல வீட்ல ஆள் இல்ல பாருங்க. தலைத்திவசம் நெருங்குச்சு. பவித்ரா டெல்லிலயே பொறந்து வளந்தவ, "டென்ஷன் மத் லோ, கவலைப்படாதே அம்மா, போன்ல ரிமைண்டர் போட்டுட்டேன்"னா. போட்டது அவர் போன இங்கிலீஷ் தேதியை. எனக்கும் உறைக்கல. இங்க பொறந்த நாளு, கல்யாண நாளு, ஆபீஸ் லீவு எல்லாமே இங்கிலீஷ் தேதிதானே, பழகிப்போச்சு.

அன்னைக்கு நான் நல்லெண்ணெயும் அப்பளமும் வாங்கத்தான் போனேன், திவசத்துக்குத்தான் இன்னும் நாள் கிடக்கேன்னு நெனப்பு. அவர் வழக்கமா வாங்குற கடையில பழைய ஆள் ஊருக்குப் போயிட்டான், புதுசா ஒரு இந்திக்காரப் பையா உக்காந்திருந்தான். தீபாவளிக்கப்புறம் வந்தவன், என் வீட்டுக்காரரைக் கண்ணால பாத்ததே கிடையாது. பக்கத்துக் கடையில கேட்டு நானே உறுதி பண்ணிக்கிட்டேன். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, "துவாரகா வாலி மேடம் ஹை நா?"ன்னு, துவாரகா மேடம்தானேன்னு கேட்டுட்டு, ஈரச் சாக்குல சுத்துன வாழை இலைக் கட்டை எடுத்து முன்னாடி வைக்கிறான். காலைல சாப், அதான் ஐயா, வந்தாராம், நாளைக்குத் திதி, மேடம் வருவாங்க, குடுத்துடுன்னு சொன்னாராம்.

எந்த சாப்னேன். பிரவுன் ஸ்வெட்டர், மங்கி குல்லா, சிரிச்ச மூஞ்சின்னான். டெல்லிக் குளிர்ல எந்தத் தமிழ் ஆம்பளைதான் மங்கி குல்லா போடல? ஆள் மாத்திச் சொல்றேப்பான்னு நகரப் பாத்தேன். அவன் விடுவேனாங்கறான். அந்த சாப் எப்படிப் பாத்துப் பாத்து எடுத்தார் தெரியுமான்னு, ஒரு இலையை உருவி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் காமிச்சான் பாருங்க, அச்சு அசல் என் வீட்டுக்காரர் மாதிரியே!

அங்கேயே நின்னு பவித்ராவுக்கு போன் போட்டேன். "ஜல்தி, தமிழ் காலண்டரைப் பாருடி. அப்பா போன அன்னைக்கு என்ன திதி?"

"தை, வளர்பிறை தசமிம்மா. ஏன்?"

"இந்த வருஷம் அது என்னைக்கு வருது பாரு."

தேடிப் பாத்தா. அப்புறம் அழுதுக்கிட்டே, "அம்மா, கல் ஹை... நாளைக்குத்தாம்மா"ன்னா.

திதி தப்பிப் போயிருந்தா அந்த மனுஷன் முதல் வருஷமே வெறும் வயித்தோட திரும்பிப் போயிருப்பார். மெட்ரோல இலையை மடில வச்சுக்கிட்டு அழறேன், சிரிக்கிறேன், எதிர் சீட்டுப் பொண்ணு "ஆண்ட்டி, சப் டீக்?"ங்குது, எல்லாம் சரிதானேன்னு. மறுநாள் ஜாம்ஜாம்னு படையல். ஒரு இலைல ஒரு கிழிசல் கிடையாது. பவித்ராவே குவார்ட்டர்ஸ் பழைய ஆளுங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தா, வந்தவங்க அவரைப் பத்திப் பேசிப் பேசி மாஞ்சு போனாங்க, வீடே கலகலன்னு ஆயிடுச்சு.

துவாரகாலயே வேற யாரோ தமிழர், அவங்க வீட்லயும் அதே திதி, அவர் வச்ச இலையா இருக்கும்னு சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நெனச்சுப் பாத்தேன். அடுத்த வாரம் போய்க் கேட்டேன், அந்த இலையைக் கேட்டு ஒருத்தரும் வரலையாம்.

ஆனா ஒன்னு நான் யார்கிட்டயும் சொல்லல, பவித்ராகிட்ட கூட. இலையைக் குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பையா கட்டை ரெண்டாப் பிரிச்சுக் கட்டினான். எதுக்குன்னேன். மேடத்துக்கு முட்டி வலி, பாரமாக் குடுத்துடாதேன்னு சாப் சொல்லிட்டுப் போனாராம். எனக்கு முட்டி வலி வந்ததே அவர் போனப்புறம்தாங்க. பொண்ணு கவலைப்படுவான்னு நான் யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல, தனியா ரூம்ல உக்காந்து தைலம் தேய்க்கும்போது மெல்ல முனகுறதோட சரி. இப்போ அதுவும் முனகுறதில்ல. காதுல விழுந்தா பாவம், கவலைப்படுவார்.