ரேடியேட்டரில் கிண்டிய களி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று கை திணறுகிறது. நினைவும் முன்போல் இல்லை. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனால் எங்கள் ஜீப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்தக் கூச்சம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

தொண்ணூற்றேழிலோ அதற்கு அடுத்த வருடமோ அந்த ஜீப் எங்களிடம் வந்தது. அதற்கு முன் ஒரு காப்பித் தோட்டத்தில் ஓடியது. தோட்டக்காரர் புது வண்டி வாங்கியதும் இதைத் தள்ளிவிட்டார். அந்த வருடம் மிளகு நன்றாகக் காய்த்திருந்தது. என் வீட்டுக்காரர் போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். டீசல் வண்டி. தார்ப்பாய்க் கூரை. கதவு கிடையாது, அந்த இடத்தில் ஒரு சங்கிலி தொங்கும். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து மிளகும் பலாப்பழமும் மரவள்ளிக் கிழங்கும் அதில்தான் செம்மேட்டுச் சந்தைக்கும், மலை இறங்கிக் காரவள்ளிக்கும் போகும்.

ஜீப்புக்கு ஏதாவது வந்தால் அடிவாரத்து மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஆனால் பழுதான வண்டியை அத்தனை கொண்டை ஊசி வளைவில் எப்படி இறக்குவது? அதனால் எங்கள் கையே மெக்கானிக் ஆனது. வீட்டுக்காரர் சிறு வயதில் லாரியில் கிளீனராக இருந்தவர். எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் வெள்ளெழுத்து வந்துவிட்டதால் கிட்டத்தில் இருப்பது தெரியாது. அவர் அடியில் படுத்துக்கொண்டு சொல்லுவார். சின்ன நட்டு, வாஷர், ஹோஸ் கிளிப் எல்லாம் என் விரல்தான் மாட்டும்.

பிரேக்கில் காற்று எடுப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திறந்து, காற்றோடு வரும் எண்ணெயை வெளியே விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

"ஏ புள்ள, அமுக்கு."

"அமுக்கிட்டனுங்க."

"இன்னும் ரெண்டு வாட்டி அமுக்கு. இப்ப அப்படியே புடி. புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கனுங்க."

"எலி கத்தற மாதிரி இருக்குது. காதுல உழுவல. சத்தமாச் சொல்லு!"

கட்டிய நாளிலிருந்து அவர் முன் குரல் உயர்த்தாதவள், "புடிச்சிருக்கேன்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னத்தக்கா புடிச்சிருக்கீங்க, பாம்பா?" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் காலை எடுக்கவில்லை.

எல்லாம் சரியாக வைத்திருந்தோம். ரேடியேட்டர் மட்டும் அடங்கவில்லை. எங்கோ ஒழுகிக்கொண்டே இருக்கும். மலை ஏறும்போது தண்ணீர் குறைந்து, கொதித்து, முன்பக்கம் புகை கிளம்பும். வண்டியில் எப்போதும் இரண்டு குடம் தண்ணீர் வைத்திருப்போம்.

இந்தப் புகையைப் பார்க்கக் கூடாதவர் ஒருவர் பார்த்துவிட்டார். என் மகளை அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவர்களும் எங்கள் சனம்தான். முன்னொரு தலைமுறையில் கீழே இறங்கிக் காடு கழனி வாங்கிக் குடியேறியவர்கள். கல்யாணமான வருடம் ஆடிப் பதினெட்டுக்குச் சம்பந்தியம்மாவை ஜீப்பில் அழைத்து வந்தோம். பாதி மலையில் வண்டி கொதித்து நின்றது. அவர் இறங்கி வளைவுச் சுவரில் உட்கார்ந்தார். குரங்கு வந்து அவர் மடியில் இருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. பையில் எங்களுக்காக அவரே சுட்ட முறுக்கு. ஒவ்வொரு முறுக்காக அது தின்பதை, வண்டி ஆறும்வரை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு அடுத்த வருடம் மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வர நாள் கேட்கப் போனோம். சம்பந்தியம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கூட்டிட்டுப் போறது உங்க மொறைங்க சம்மந்தி. நான் தடுக்கல. ஆனா அந்த அடுப்புல என்ற மருமவள ஏத்த மாட்டேன்."

"பஸ்ஸுல கூட்டிட்டுப் போறமுங்க" என்றேன்.

"பஸ்ஸுலயா? மொத வளைவுலயே கொடல் வெளிய வந்துரும். இப்பவே எச்சில் முழுங்க முடியாம கெடக்கறா. பேசாம இங்கயே பெத்துக்கட்டும்."

மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான் முறுக்குவாள். பக்கத்தில் போய்க் கேட்டேன். "அம்மா, எனக்கு நம்மூட்டுக்கு வரோணும்" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வாய். "வண்டியச் சரி பண்ணிக் கொண்டாறமுங்க. நீங்களே கூட வந்து பாருங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சம்பந்தியம்மாவும் விடவில்லை. "வாரேன். ஆனா வழில ஒரு பொட்டுப் பொகை வந்தாலும் அங்கயே எறங்கி அவளக் கூட்டிட்டுத் திரும்பிருவேன். அப்பறம் குத்தம் சொல்லப்படாது."

திரும்பும் வழியில் காரவள்ளி டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் என் வீட்டுக்காரருக்கு யோசனை சொன்னாராம்: ஒழுகுகிற ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும். இவர் வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மஞ்சளே அடைக்கும் என்றால் கேழ்வரகு இன்னும் நன்றாக அடைக்காதா? தண்ணீர் பட்டால் எப்படி உப்புகிறது! நான் கொல்லைக்குப் போன நேரம் பார்த்து மாவு டப்பாவைத் திறந்துவிட்டார்.

ஒழுகல் நின்றது, உண்மைதான். குஷியாகச் செம்மேட்டுக்கு ஓட்டிப் போனவர், வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். நானும் போனேன். அதுவரை கொதித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி கொதித்திருந்தது. ஆறவிட்டுத் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். வாசம் மூக்கில் ஏறியது.

"ஏனுங்க, உள்ள என்னத்தப் போட்டீங்க?"

"மருந்து."

"மருந்து களி வாசம் அடிக்குதுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "ரெண்டு கை மாவு" என்றார்.

"உப்புப் போட்டீங்களா?"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ரேடியேட்டருக்குள் குச்சி குச்சியாகக் குழாய்கள். எல்லாவற்றிலும் களி வெந்து இறுகிப் போயிருந்தது. கம்பி விட்டுப் பார்த்தார், போகவில்லை.

"உட்ரு புள்ள. புதுசுதான் போடோணும். இந்த வண்டிக்கு எங்க கெடைக்குதோ, எப்பக் கெடைக்குதோ. சம்மந்தி சொன்னாப்புல அங்கயே பெத்துக்கட்டும்."

மகள் முந்தானையை முறுக்கியது என் கண்ணிலேயே நின்றது. களி அடிப்பிடித்த சட்டிக்கு நாம் என்ன செய்வோம் என்று யோசித்தேன். ஊற வைப்போம், சுரண்டுவோம். இதற்குள் கை போகாது. அப்போதுதான் குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சி ஞாபகம் வந்தது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டிப்படாது. கெட்டியாகிப்போன கஞ்சியில்கூட அந்த மாவை ஒரு கரண்டி கலந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீராக இளகும். பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் இது தெரியும். சட்டியில் இளகுவது குழாயில் இளகாதா?

கேழ்வரகை ஊற வைத்து, துணியில் கட்டி முளை வரவிட்டு, வெயிலில் காயவைத்துத் திருகையில் அரைத்தேன். அதற்குள் நாங்கள் இருவரும் ரேடியேட்டரைக் கழற்றி இறக்கிவிட்டோம். மாவைத் தண்ணீரில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சூடாக ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. கொதித்தால் முளை மாவு செத்துவிடும், இளக்காது. கை வைத்தால் சுரீர் என்று இழுத்துக்கொள்கிற சூடு போதும். சூடு ஆறாமல் இருக்கச் சாக்கைச் சுற்றி வைத்தேன்.

வீட்டுக்காரர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "என்ன புள்ள, பாப்பாவுக்குக் கஞ்சி காச்சற மாதிரி காச்சற?" என்றார்.

"பாப்பா வாரதுக்குத்தானுங்க காச்சறேன்."

அதற்கு மேல் அவர் கேலி செய்யவில்லை. தானே எழுந்து அடுத்த பானைத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினார்.

ஆற ஆறச் சூடுபண்ணி ஊற்றினோம். மறுநாள் கீழே இருக்கும் மூடியைத் திருகினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு நூல் போல. அப்புறம் பழுப்பாக, கஞ்சியாகக் கொட்டியது. எங்கள் நாய் வந்து நக்கிப் பார்த்துவிட்டுத் தும்மியது. ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்து அடிவாயில் செருகி, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டோம். தெளிவாக வரும்வரை விட்டோம். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

களி போனதும் பழைய ஓட்டை திரும்ப ஒழுகியது. சந்தை நாளில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பாய் அடிவாரத்திலிருந்து வருவார். அவர் முன்னால் ரேடியேட்டரை வைத்தேன்.

"என்னம்மா, அண்டா கொண்டாருவீங்கன்னு பாத்தா இதக் கொண்டாந்திருக்கீங்க. இதுல என்ன பொங்குனீங்க, உமி ஒட்டிருக்கு?"

"களிங்க பாய்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. தேய்த்து, சூடு காட்டி, ஈயம் வைத்து, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தும் நிமிர்த்தும் காட்டினார். ஒரு சொட்டு இல்லை.

வண்டி தேறியதும் எனக்கு ஆசை கூடிவிட்டது. பின் சீட்டுகள் ஒன்றையொன்று பார்த்தபடி பக்கவாட்டில் இருக்கும். அப்படி உட்கார்ந்து வளைவில் போனால் யாருக்கும் குமட்டும். பழைய பஸ் சீட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, முன்னால் பார்த்தபடி போல்ட் போட்டு இறுக்கினோம். அதன் பழைய பஞ்சை எடுத்துவிட்டு, எங்கள் மரத்து இலவம்பஞ்சை அடைத்து, ஜமுக்காளத்தை வெட்டி உறை தைத்தேன். சாக்குத் தைக்கும் ஊசிதான். சங்கிலி தொங்கிய இடத்தில் பலகையும் தார்ப்பாயும் வைத்து ஒரு கதவு. பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஏற ஒரு படி. வீட்டுக்காரர் அறுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் அளவு சொன்னேன்.

குறித்த நாளில் வளையல் போட்டோம். சம்பந்தியம்மா ஜீப்பைச் சுற்றி வந்தார். சீட்டைக் குத்திப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். "மேல் பூச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மடியில் பை. இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டார்.

ஏறத் தொடங்கினோம். முன்னால் உட்கார்ந்திருந்த நான் ரோட்டைப் பார்க்கவில்லை, எஞ்சினுக்கு மேலிருக்கும் முன்மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்பு நின்றுபோன வளைவு வந்தது.

"இங்கதானுங்களே?" என்றார் சம்பந்தியம்மா.

"இங்கதானுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். சம்பந்தியம்மா இறங்கி முன்னால் போய், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறதுபோல் முன்மூடியில் புறங்கையை வைத்தார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா குனிந்து அடியில் பார்த்தார், ஒழுகுகிறதா என்று. நிமிர்ந்து வந்து ஏறிக்கொண்டார். "போலாமுங்க" என்றார். என் உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவாக ஏறினோம். காற்று குளிர ஆரம்பித்தது. பின்னால் பேச்சையே காணோம். யாருக்கு என்ன ஆனதோ என்று பதறித் திரும்பினேன். மகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா இலவம்பஞ்சுச் சீட்டில் சாய்ந்து, பையை விட்டுவிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வளைவில் அவர் தலை மகள் தோளில் சாயும், அடுத்த வளைவில் கதவுப் பக்கம் சாயும். எழவே இல்லை.

வீட்டு வாசலில் எழுப்பினோம். "அதுக்குள்ள வந்தாச்சா?" என்றார். மகள் படியில் கால் வைத்து, கட்டையைப் பிடித்து, யார் கையும் இல்லாமல் இறங்கி எங்கள் வீட்டுக்குள் போனாள். சம்பந்தியம்மா மட்டும் வண்டியிலேயே இருந்தார்.

"எறங்குங்க சம்மந்தி" என்றேன்.

"இருங்க. இந்தச் சீட்டு ஆரு தெச்சது?"

"நாந்தானுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

இதில் வருடம் சரியா என்று தெரியவில்லை. பழைய பஸ் சீட்டு எங்கே கிடைத்தது என்பதும் மறந்துவிட்டது. நாங்கள் நின்றது எத்தனையாவது வளைவு என்று எண்ணிப் பார்த்தவளும் இல்லை. என் மகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கும். யாராவது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். சீட்டைத் தைத்தது யார் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.